புதுப்பிப்பு: வெந்நீர் சுழற்சி பம்பு இப்போது பட்டனில்

முன்பு கேட்டிருந்தது இதுதான்: கராஜில் கேஸ் ஹீட்டர், மாடியில் குளியலறை, தனி ரிட்டர்ன் லைன் (குழாயில் ஆறிய தண்ணீரை ஹீட்டருக்கே திருப்பிக் கொண்டுபோகும் குழாய்), குழாயைத் திறந்ததும் வெந்நீர் வருவதற்காகத் தண்ணீரைச் சுற்றவிடும் பம்பு 24 மணி நேரமும் ஓடுகிறது, பில்லைக் குறைக்க என்ன வழி? டைமர் போதும் என்றீர்கள். வார நாட்களில் சரி, சனி ஞாயிறு யார் எப்போது எழுவார்கள் என்று டைமருக்குத் தெரியாதே.

இப்போது குளியலறை வாசலில் வயர்லெஸ் பட்டன், பம்புக்கு ஸ்மார்ட் பிளக், ரிட்டர்ன் குழாய் ஹீட்டருக்குள் நுழைவதற்குச் சற்று முன்னால் செம்புக் குழாயோடு ஒட்டி, மேலே நுரை உறை சுற்றிய வெப்பநிலை சென்சார். அமுக்கினால் பம்பு ஓடும், 38 டிகிரி செல்சியஸ் காட்டியதும் நின்றுவிடும். பல் தேய்த்து முடிப்பதற்குள் வெந்நீர் தயார். உறை சுற்றாவிட்டால் சென்சார் கராஜ் குளிரையும் சேர்த்துக் காட்டும், பம்பு லேசில் நிற்காது.

மின்சாரம் பெரிய விஷயமில்லை, 25 வாட் பம்பு நாள் முழுக்க ஓடினாலும் 0.6 யூனிட்தான். காசு போவது சுவருக்குள் எந்நேரமும் சூடாகக் கிடக்கும் குழாயில். அப்புறம், செக் வால்வு (தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் வால்வு) இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் பம்பு நின்ற பிறகும் சுடுதண்ணீர் தானாகவே சுற்றிக்கொண்டிருக்கலாம். ரிட்டர்ன் லைன் இல்லாமல் பச்சைத் தண்ணீர்க் குழாய் வழியே திருப்பிவிடுபவர்களுக்கு சென்சார் கட்டாயம். அது இல்லாமல் ஓடவிட்டால் அந்தக் குழாயிலும் வெதுவெதுப்பாகத்தான் வரும்.