கடுங்குளிரில் ட்ரக் எஞ்சினைச் சூடாக வைத்திருப்பது எப்படி?

கேள்வி:
வணக்கம். ரொறன்ரோவிலிருந்து 17ஆம் இலக்க நெடுஞ்சாலை வழியாக வின்னிபெக்கிற்குச் சரக்கு ஏற்றிச் செல்லும் வேலை எனக்கு இந்தக் குளிர்காலத்தில்தான் கிடைத்தது. சென்ற வாரம் கெனோராவில் இரவு தங்கியபோது குளிர் −34 பாகைக்கு இறங்கியதால், நிறுத்தினால் காலையில் ஸ்ரார்ட் ஆகாதோ என்று அஞ்சிப் பத்து மணி நேரமும் எஞ்சினை ஓடவிட்டேன். டீசல் கணக்கைப் பார்த்து முதலாளி கடிந்துகொண்டார். வேறு வழி உண்டா?

மறுமொழி 1:
தம்பி, நின்ற இடத்தில் ஓடும் பெரிய எஞ்சின் மணிக்கு ஏறத்தாழ 3 லீற்றர் டீசல் குடிக்கும் என்பதால் முதலாளியின் கோபத்தில் நியாயம் உண்டு. அதைவிட, மெதுவாக ஓடும் எஞ்சின் முழுச் சூட்டை எட்டாமல், புகைபோக்கி வடிகட்டியில் கரியைச் சேர்த்துவிடும். மின்சாரம் கிடைக்கும் தரிப்பிடங்களில் பிளொக் ஹீற்றரைப் பயன்படுத்துங்கள். எஞ்சினுக்குள் இருக்கும் கூலன்ட் என்ற குளிர்விப்புத் திரவத்தைச் சூடாக்கும் இந்தக் கருவியை இரவு முழுவதும் செருகி வைக்கத் தேவையில்லை; புறப்படுவதற்கு மூன்று, நான்கு மணி நேரம் முன்பு செருகினால் பெரும்பாலும் போதும். ஆனால் வீட்டு விளக்குக்குப் பயன்படுத்தும் மெல்லிய வயரைக் கொண்டு இணைக்காதீர்கள்; அது சூடேறி உருகிவிடும். மின்சாரமே இல்லாத இடங்களுக்கு, வண்டியின் டீசலைச் சிறிதளவு எரித்துக் கூலன்டைச் சுற்றவிடும் தனி ஹீற்றரைப் பொருத்தித் தருமாறு முதலாளியிடம் கேளுங்கள்.

மறுமொழி 2:
அண்ணா சொன்னது சரி, எனினும் எஞ்சின் சூடாக இருந்தும் வண்டி நடுவழியில் நின்றுபோகலாம். டீசலில் உள்ள மெழுகு குளிரில் படிகமாகி எரிபொருள் வடிகட்டியை அடைத்துவிடும். தெற்கே நிரப்பிய டீசல் வடக்கின் குளிரைத் தாங்கும் என்று நம்பாமல், தண்டர்பேயில் அங்குள்ள குளிர்கால டீசலை நிரப்புங்கள். டீசலில் கலக்கும் உறைதடுப்புத் திரவத்தை (கூலன்டில் ஊற்றுவது அல்ல) மெழுகு கட்டுவதற்கு முன்பே ஊற்ற வேண்டும். கட்டிய பின் அதனால் பயனில்லை. யார் சொன்னாலும் பெற்றோல் மட்டும் கலக்காதீர்கள்.

மறுமொழி 3:
ரேடியேற்றருக்கு முன்னால் குளிர்த்திரை கட்டுவதானால் நடுவிலுள்ள மடிப்பைத் திறந்து விடுங்கள். முழுவதும் மூடினால், எஞ்சினுக்குள் போகும் காற்றே அளவுக்கு மீறிச் சூடாகிவிடும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. முன்பம்பருக்குக் கீழே பிளக்குடன் தொங்கிய வயரை, ஏதோ அறுந்து கிடக்கிறது என்றெண்ணி இதுவரை கட்டி வைத்திருந்தேன். அதுதான் ஹீற்றர் வயரா?

மறுமொழி 1:
அதுவேதான். செருகுவதற்கு முன் முனைகளில் உப்பும் துருவும் இருந்தால் துடைத்துவிடுங்கள். செருகிய சற்று நேரத்தில், கெற்றிலில் தண்ணீர் சூடாகும்போது எழுவதைப் போன்ற மெல்லிய இரைச்சல் கேட்டால் அது வேலை செய்கிறது.