மறு: திமிங்கலத்தைக் கண்டதற்கு ஒரு பெயர்ச்சொல்

திமிங்கலத்தைக் கண்டால் குறித்து வைக்கிறோமே, ஆங்கிலத்தில் 'சைட்டிங்' (sighting) என்கிற அதற்குத் தமிழில் ஒரு பெயர்ச்சொல் தேடுகிறோம். அதற்கு அக்கா சொன்ன 'தென்படல்' காதுக்கு நல்லாத்தான் இருக்கிறது, ஆனால் தென்படுவது திமிங்கலம் அல்லவா, கண்டவருக்கு அந்தச் சொல்லில் இடமே இல்லை. திருகோணமலையில் ஆழ்கடல் பள்ளத்தாக்கு துறைமுக வாய்வரை வந்துவிடுவதால் கரையில் நின்றே நீலத் திமிங்கலத்தைக் காணலாம், படகில் போயும் காணலாம், ஆகவே யார் எங்கே நின்று கண்டார் என்பது நமக்குக் கட்டாயம் வேண்டும்.

'அவதானிப்பு' சரிவராது. போன ஞாயிறு கோணேசர் கோயில் பாறை விளிம்பில் காலை ஆறரை முதல் பத்து மணிவரை நின்றேன், கண் கூசியதுதான் மிச்சம். மூன்றரை மணிநேர அவதானிப்பு, சைட்டிங் பூச்சியம். இறங்கி வரும்போது கச்சான் விற்கிற அம்மா "கண்டனீங்களோ தம்பி?" என்று கேட்டா. "பார்த்தனான் அம்மா, காணேல்லை" என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது, நாம் தேடுகிற சொல் அந்தப் பதிலிலேயே கிடக்கிறது. தமிழ்நாட்டு நண்பர்கள் "நேற்று உங்களைச் சந்தையில் பார்த்தேன்" என்கிற இடத்தில் நாம் "கண்டேன்" என்போமே, அதே காண்.

சரி, அதிலிருந்து பெயர்ச்சொல் எது? நடுகல்லுக்கு ஏற்ற கல்லைக் காண்பதைத் தொல்காப்பியம் 'காட்சி' என்கிறது, பழைய தகுதி உண்டு, ஆனால் இன்றைக்கு 'திமிங்கலக் காட்சி' என்று போட்டால் டிக்கெட் எவ்வளவு என்று கேட்பார்கள். 'காணல்' என்றால் ஒரு சுழி தவறினாலும் கானல் ஆகிவிடும், அதைவிட மோசமான பிழை இந்த வேலைக்குக் கிடையாது. கடற்றொழிலாளர் சொல்கிற 'தட்டுப்படுது' எனக்கு மிகவும் பிடித்தது, பெயராக்கினால் 'திமிங்கலத் தட்டுப்பாடு'!

என் வாக்கு 'காண்கை'க்கு. வருகை, சேர்க்கை மாதிரி வாயில் நிற்கிறது, 'இன்று 3 காண்கைகள்' என்று எண்ணலாம், வரவு இடாப்புப் (பதிவேடு) போல 'காண்கை இடாப்பு' என்றும் வைக்கலாம்.

ஒன்று மட்டும் தீர்க்க வேண்டும். ஊதினால் 9 மீற்றர் வரை எழும்புகிற நீர்த்தூவல் தூரத்திலிருந்தே தெரியும், அப்புறம் முக்குளித்தால் பத்து நிமிடம் போல ஆளைக் காணாது. பிறகு கொஞ்சம் தள்ளி ஒன்று ஊதுகிறது. அதே ஆள்தான் என்று படகுக்காரர் சொன்னால் ஒரு காண்கையா, இரண்டா? நான் ஒன்று என்றே எழுதிவருகிறேன். மற்றவர்கள் எப்படி எழுதுகிறீர்கள்?