எருமை வேட்டைக்கு .375: 3.2 கிலோவா, 4.2 கிலோவா?

முத்தியால்பேட்டை சொல்தா:

எல்லோருக்கும் வணக்கம். பிரெஞ்சு ராணுவத்தில் பதினேழு வருஷம் இருந்துவிட்டு வந்தவன், இப்போது ரெண்டு மாசம் லீவில் புதுச்சேரியில் அம்மா வீட்டில் இருக்கிறேன். பிரான்சில் என்னோடு காட்டுப்பன்றி வேட்டைக்கு வரும் கூட்டாளிகள் மூன்று பேர் அடுத்த ஜூலையில் ஜிம்பாப்வேக்கு எருமை வேட்டைக்குப் போகிறார்கள், என்னையும் இழுத்துப் போட்டுவிட்டார்கள். பெர்மிட் எல்லாம் முறைப்படி அங்கே நடக்கிறது. இந்தியாவில் 1972 சட்டத்துக்கு அப்புறம் முயலைக்கூடத் தொட முடியாது என்பது எனக்கும் தெரியும், அதனால் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

கேள்வி எடை பற்றி மட்டும்தான். தோட்டா வகை .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் என்று முடிவாகிவிட்டது. கைக்கு ரெண்டு ரைஃபிள் கிடைக்கிறது. ஒன்று சிந்தெடிக் கட்டை (தோளில் வைக்கும் பகுதி) போட்டது, வெறும் 3.2 கிலோ, தூக்கினால் பொம்மை மாதிரி இருக்கிறது. இன்னொன்று பழைய சிசெட் 550, மரக்கட்டை, 4.2 கிலோ. பட்டாளத்தில் நான் சுமந்த ஃபாமாஸ் ரைஃபிள் மூன்றரை கிலோ சொச்சம், நாள் முழுக்கத் தோளில் கிடந்தாலும் தெரியாது. ஆனால் அதில் உதை, அதாவது சுடும்போது துப்பாக்கி பின்னால் வந்து தோளில் இடிப்பது, என்று சொல்ல ஒன்றும் இல்லை. பன்றிக்கு வைத்திருக்கும் 7×64 தோட்டா ரைஃபிள்தான் நான் சுட்டதிலேயே பெரிசு. வயசு 46, முட்டி கொஞ்சம் தகராறு. எதை எடுப்பது?

கெடிலக்கரை:

தம்பி, நான் கடலூர் முதுநகர். தான்சானியாவில் ஒரு வேட்டை முகாமில் பதினோரு வருஷம் வண்டி மெக்கானிக்காக இருந்தேன். துப்பாக்கி என் தொழில் இல்லை, ஆனால் வண்டி ஓட்டிப் போய்க் காட்டில் காத்திருந்து எத்தனையோ பேர் நன்றாகச் சுட்டதையும் சொதப்பியதையும் பார்த்திருக்கிறேன்.

4.2 எடுங்கள். காரணம் உதை வலிக்கும் என்பதல்ல, எருமை எதிரில் நிற்கும்போது யாருக்கும் வலி தெரியாது. வினை அதற்கு முன்னாலேயே, பயிற்சி மைதானத்தில் ஆரம்பிக்கிறது. லேசான ரைஃபிளில் நாலு தோட்டா சுட்டதும் தோள் வீங்கிவிடும், அஞ்சாவது தோட்டாவுக்கு உடம்பு தானாகவே முன்கூட்டி மிரளும், விசையை அழுத்தும்போது கண் மூடிக்கொள்ளும், சுடுகிறவருக்கே அது தெரியாது. எங்கள் பி.எச்., அதாவது வேட்டையை நடத்திக் கூட்டிப்போகும் தொழில்முறை வேட்டைக்காரர், ஒரு வேலை செய்வார்: விருந்தாளிக்குத் தெரியாமல் டம்மி தோட்டாவைப் போட்டுக் கொடுப்பார். 'டக்' என்று சத்தம் மட்டும் வரும், வெடிக்காது, ஆனால் குழல் முனை ஒரு சாண் கீழே முங்கும். அதைப் பார்த்ததும் அந்த ஆளின் முகம் போகும் போக்கைப் பார்க்க வேண்டுமே!

ஒருத்தர் மூன்று கிலோ சொச்சத்தில் ஒரு .375 கொண்டுவந்திருந்தார். முகாமில் மூன்றே மூன்று தோட்டா சுட்டுவிட்டுப் போதும் என்றார், அதிலேயே ஸ்கோப்பின் விளிம்பு புருவத்துக்கு மேல் பிறை மாதிரி வெட்டிவிட்டது. நாலாம் நாள் எழுபது மீட்டரில் எருமை, துப்பாக்கியைத் தாங்க ஊன்றும் குச்சியில் சாய்த்துச் சுட்டார், குண்டு வயிற்றில் போய் விழுந்தது. அடிபட்ட எருமை புதருக்குள் போய்த் திரும்பி நின்று காத்திருக்கும், ம்போகோ (அங்கே எருமைக்குப் பேர்) என்று சொல்லும்போதே அங்கே உள்ளவர்கள் குரலைத் தாழ்த்துவார்கள். பி.எச்.சும் தடம் பார்ப்பவரும் ரெண்டரை மணி நேரம் அந்த முள்ளுக்குள் இருந்தார்கள், நான் வண்டியில் உட்கார்ந்து வேண்டாத சாமியை எல்லாம் வேண்டினேன்.

அதற்காக எடை ஏறிக்கொண்டே போனால் நல்லது என்று நினைக்காதீர்கள். அஞ்சரை கிலோ இரட்டைக்குழல் கொண்டுவந்த ஒருவர் எட்டாவது கிலோமீட்டரில் முடியாமல் அதைத் தடம் பார்ப்பவரிடம் கொடுத்துவிட்டார். எருமை முப்பது மீட்டரில் எழுந்து நின்றபோது துப்பாக்கி அவருக்கு அஞ்சு அடி பின்னால் இருந்தது.

நெல்லிக்குப்பம் வாத்தியார்:

பள்ளிக்கூடத்தில் இயற்பியல் எடுத்தவன், கணக்கு போட்டுச் சொல்கிறேன். நியூட்டன் மூன்றாம் விதிதான், முன்னால் போகும் உந்தம் எவ்வளவோ அவ்வளவு பின்னால் வரும். .375இல் 300 கிரெய்ன் குண்டு, அதாவது 19.4 கிராம், நொடிக்கு சுமார் 760 மீட்டர் வேகத்தில் போகிறது, கூடவே நாலரை கிராம் மருந்து வாயுவாக இன்னும் வேகமாக வெளியேறுகிறது. இந்த உந்தம் மாறாது, அதனால் உதையின் ஆற்றல் துப்பாக்கியின் எடைக்கு நேர் தலைகீழ்.

ஸ்கோப், தோட்டா எல்லாம் சேர்த்து லேசானது 3.65, கனமானது 4.8 என்று வைத்துக்கொண்டால் முதலாவது சுமார் 60 ஜூல், ரெண்டாவது சுமார் 45 ஜூல். உங்கள் 7×64 மூன்றரை கிலோவில் 28 பக்கம் வரும். என்.சி.சி.யில் எங்களைச் சுடவைத்த பழைய .303 பதினாறு பதினேழு ஜூல்தான், அதற்கே ராத்திரி வீட்டில் தோளுக்கு ஒத்தடம் கொடுத்தார்கள். ஆக, லேசானதை எடுத்தால் பழகிய உதையைப் போல் ரெண்டு மடங்குக்கு மேல். கனமானதில் ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல், இது பழகிக்கொள்ளக்கூடியது.

ஆனால் ஜூல் கணக்கை மட்டும் பார்க்காதீர்கள். கட்டையின் பின்பக்கம் ரொம்பத் தாழ்ந்திருந்தால் குழல் மேலே எகிறிக் கன்னத்தில் அறையும். தோளில் படும் இடம் அகலமாக, நல்ல ரப்பரோடு இருந்தால் அதே உதை பரவி இறங்கும். கட்டையின் நீளம் உங்கள் கைக்குச் சரியாக இருக்கிறதா என்று யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள், நம் ஊர் உடம்புக்கு ஐரோப்பியக் கட்டை பெரும்பாலும் ஒரு விரல்கடை நீளமாகவே இருக்கும். சட்டைக்குப் பதில் தடிப்பான கோட்டு போட்டு அளவு பார்த்துவிட்டும் ஏமாறாதீர்கள்.

ஊசுட்டேரி கொக்கு:

ஒரு உயிரைக் கொல்ல எத்தனை கிலோ என்று கணக்குப் போடுகிறீர்கள். நான் பறவை பார்க்க 2 கிலோ கேமரா தூக்குகிறேன், உதை இல்லை. அவ்வளவுதான், சண்டைக்கு வரவில்லை.

மணவெளி:

அந்தக் காலத்து யானை வேட்டைக்காரர் கரமோஜோ பெல் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டதில் பெரும்பகுதி .275 ரிக்பி, அதாவது லேசான 7 மி.மீ. ரைஃபிளால்தானே? அப்புறம் எதற்கு இந்தக் கனம்? லேசாக இருந்தால் குறி தப்பாது என்று அவரே காட்டிவிட்டாரே.

கெடிலக்கரை:

மணவெளி, பெல் யானை மண்டையை அறுத்துப் பார்த்து மூளை எங்கே இருக்கிறது என்று படித்தவர், வருஷக்கணக்கில் தினமும் அதே வேலை. நம்ம சொல்தா வாழ்க்கையில் ஒரு எருமை பார்க்கப் போகிறார். அதோடு இன்றைக்குப் பல ஆப்பிரிக்க நாடுகளில் இந்த மாதிரி விலங்குக்கு .375தான் ஆரம்பமே, 7 மி.மீ. கொண்டுபோனால் எருமையைச் சுடவே விடமாட்டார்கள். ஆனால் ஒன்று, பெல்லிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது உதைக்குப் பயப்படாத துப்பாக்கியை வைத்திரு என்பதுதான். அதில் நீங்கள் சொல்வது சரி.

.375ஐவிடப் பெரிய தோட்டாக்களான .416 ரிக்பி, .458 எல்லாம் இன்னும் பலம், 1911இலிருந்து .416 ஓடுகிறது, நல்லதுதான். ஆனால் அதே எடையில் அதன் உதை .375ஐப் போல் ஒன்றரை மடங்கு. முதல் தடவைக்கு வேண்டாம்.

முத்தியால்பேட்டை சொல்தா:

எல்லோருக்கும் நன்றி. இங்கே கையில் துப்பாக்கி இல்லாததால் ஒரு சோதனை செய்தேன், சிரிக்காதீர்கள். பெரியம்மா வீட்டு உலக்கையை வாங்கி மூலைக்கடை அரிசி தராசில் வைத்தேன், 3 கிலோ 900. மணல் பொட்டலம் ஒன்றைக் கோணித் துணியில் சுற்றிக் கட்டி 4.8 ஆக்கிவிட்டு, காலை ஐந்து மணிக்குச் சோலைநகர் கடற்கரையிலிருந்து காலாப்பட்டு வரை நடந்தேன். வலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் 'மாவு இடிக்க யாரும் கூப்பிட்டார்களா' என்று கேட்டார்கள்.

ஆறாவது கிலோமீட்டர் வரை ஒன்றுமில்லை. அதற்கப்புறம் நின்று தோளுக்கு ஏற்றி இருபது எண்ணும்போது பூண் போட்ட முனை முன்பக்கம் இருந்தால் பன்னிரண்டிலேயே கை ஆட ஆரம்பிக்கிறது. உலக்கையைத் திருப்பிப் பூணைத் தோள் பக்கம் வைத்தேன், அதே எடை, இருபதும் எண்ணினேன், ஆட்டமே இல்லை. மறுநாள் மணலை அவிழ்த்துவிட்டு நடந்தேன். லேசாகத்தான் இருந்தது, ஆனால் முன்கனம் இருந்த பக்கம் இதுவும் ஆடியது.

அதனால் 4.2தான். ஆனால் குழலை வெட்டிக் குறைக்க முடியுமா என்று பார்க்கப் போகிறேன், இல்லாவிட்டால் கட்டையின் பின்பகுதிக்குள் கொஞ்சம் ஈயம். முட்டிக்குத் தினமும் நடை. பயிற்சிக்கு எத்தனை தோட்டா?

கெடிலக்கரை:

ஈயம் முதலில், வெட்டுவது அப்புறம். வெட்டியதை ஒட்ட முடியாது, சத்தமும் கூடும். ஜூலைக்குள் நூறு தோட்டாவாவது சுடுங்கள், ஒரு நாளைக்கு எட்டு பத்துக்கு மேல் வேண்டாம், பாதி குச்சியில், பாதி நின்றபடி. மேஜையில் உட்கார்ந்து சுடுவது குறி சரிபார்க்கும் அன்றைக்கு மட்டும், அந்த நிலையில்தான் உதை முழுதாகத் தோளில் இறங்கும். சுட்டதும் துப்பாக்கியை இறக்காமல் உடனே போல்ட்டை இழுத்து ரெண்டாவதை ஏற்றிப் பழகுங்கள், அங்கே அதுதான் கேட்பார்கள். விமானத்தில் ஆளுக்குத் தோட்டா 5 கிலோவுக்கு மேல் விடமாட்டார்கள், நாற்பது கொண்டுபோனால் தாராளம்.

பி.எச்.சுக்கு முன்கூட்டியே கடுதாசி எழுதி, இது எனக்கு முதல் எருமை என்று சொல்லிவிடுங்கள். மறைத்தால் அவருக்கு முதல் நாளே தெரிந்துவிடும்.