மறுமொழி: ‘எபிடெமியோலொஜிக்கல் ட்ரான்சிஷன்’ தமிழில் எப்படி? ‘இறப்புக்காரண நிலைமாறல்’ சரிவருமா?

அன்புள்ள குழுவினருக்கு, ஹட்டனிலிருந்து வணக்கம்.

போன வாரம் இந்தக் கேள்வியைப் போட்டவள் நான்தான். தேயிலைத் தோட்டப்புறச் சுகாதாரத் தொண்டர்களுக்கான கைநூல் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். அதன் இரண்டாம் அத்தியாயம் முழுவதும் இந்த ஒரே கருத்தின்மேல்தான் நிற்கிறது. ஒரு நாட்டு மக்கள் எதனால் சாகிறார்கள் என்பது காலப்போக்கில் எப்படி மாறுகிறது, கொலராவும் காய்ச்சலும் வாரிக்கொண்டுபோன ஊரில் இன்று மாரடைப்பும் நீரிழிவும் ஏன் முன்னால் நிற்கின்றன என்பதுதான் விஷயம். இதுவரை வந்த சொற்கள் மூன்று:

> தொற்றுநோயியல் நிலைமாற்றம் – யாழ்ப்பாணத்து டொக்டர்
> நோய்ப்பரவலியல் மாற்றம் – கோவை நண்பர்
> நோய்ப்பெயர்ச்சி – பதுளை ஆசிரியை அக்கா

மூன்றையும் ஒரு வாரம் வைத்துப் பார்த்தேன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டொக்டர் சொல்வது நியாயம். இலங்கையில் சுகாதார அமைச்சின் பிரிவுக்கே ‘தொற்றுநோயியல் பிரிவு’ என்றுதான் பெயர். புழங்கும் சொல்லை வீணாக மாற்றக்கூடாது என்பதில் நானும் அவர் பக்கம்தான். ஆனால் இந்த ஓர் இடத்தில் அந்தச் சொல் காலை வாரிவிடுகிறது. தொற்றுநோயால் வரும் சாவு குறைந்து மற்றவை மேலே வருவதுதானே இந்தக் கருத்தின் சாரம்? அதற்கு வைக்கும் பெயரின் தலையிலேயே ‘தொற்றுநோய்’ உட்கார்ந்திருந்தால் எப்படி? எங்கள் தொண்டர் தங்கச்சி ஒருத்தியிடம் சொல்லை மட்டும் காட்டி, என்ன விளங்குகிறது என்று கேட்டேன். “கொரோனா உருமாறிச்சே, அது மாதிரி தொற்றுநோய் உருமாறுறதா அக்கா?” என்றாள். அவள்மேல் பிழை இல்லை. ‘எபிடெமிக்’ என்ற சொல்லின் கிரேக்க மூலத்தில் ‘மக்கள்மேல் வருவது’ என்றுதான் பொருள். தொற்று என்ற பேச்சே அதில் இல்லை. நாம்தான் நமது பெயரில் அதைச் சேர்த்துக்கொண்டோம்.

‘நோய்ப்பரவலியல் மாற்றம்’ என்பதில் வேறு சிக்கல். ‘இயல்’ வந்துவிட்டால் மாறியது படிப்பு என்று ஆகிவிடுகிறது. அந்தத் துறையின் பாடத்திட்டம் மாறியதுபோல ஒலிக்கிறது. மாரடைப்பு பரவுவதும் இல்லை.

‘நோய்ப்பெயர்ச்சி’ எனக்கு மிகவும் பிடித்த சொல். சின்னது, வாயில் நிற்கும். இரண்டு நாள் அதையே எழுதிப் பார்த்தேன். அப்புறம் அம்மாவின் கொப்பியை எடுத்து விரித்தபோது மனசு மாறிவிட்டது.

அம்மா பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்ட ஆஸ்பத்திரியில் மருத்துவிச்சியாக இருந்தவர். பிரசவக் கணக்குக்கு ஆஸ்பத்திரிப் பதிவேடு இருந்தது. சாவுக்கு மட்டும் தனியாக, தனக்கென்று ஒரு சீ.ஆர். கொப்பி வைத்திருந்தார். அட்டை போய், மாட்டுத்தாள் ஒட்டி, நூல் கோத்த கொப்பி. 1960களின் நடுவில் தொடங்குகிறது. முதல் பக்கங்கள் மைப்பேனா எழுத்து. ஒரு வரி இப்படி (லயம் என்பது தொழிலாளர் வரிசைவீடு, காம்பிரா அதில் ஓர் அறை): “3ஆம் லயம், கடைசிக் காம்பிரா, ஆண் பிள்ளை, 7 மாதம், வயித்தோட்டம்.” அடுத்தது சளிக்காய்ச்சல். அதற்கடுத்தது பேறுகாலம், தாய். பிறகு மறுபடி வயித்தோட்டம். பக்கத்துக்குப் பக்கம் பிள்ளைகள்தான். 1973, 74 பஞ்ச காலத்தில் எழுத்து நெருங்கி, ஓரத்திலும் வரிகள் ஏறியிருக்கின்றன. அரிசியும் மாவும் கிடைக்காமல் தோட்டங்களில் சாவு கூடிய ஆண்டுகள் அவை.

கொப்பியின் கடைசிப் பகுதி குமிழ்முனைப் பேனா. பிள்ளைகள் குறைந்துபோகிறார்கள். “பிரஷர், 58 வயது, பெண், கொழுந்து நிறுக்கும் இடத்தில் விழுந்தது.” “சீனி, கால் எடுத்தது.” (சீனி என்றால் நீரிழிவு.) “வாய்ப்புற்று.” இடையிடையே, முன்பக்கத்திலும் சரி பின்பக்கத்திலும் சரி, மாறாமல் சில வரிகள்: “குளவி கொட்டு.” “மரம் விழுந்து.” “மருந்து குடித்தது.” அம்மா ‘தற்கொலை’ என்று ஓரிடத்திலும் எழுதவில்லை. எங்கள் பக்கம் ‘மருந்து குடித்தது’ என்றால் புரியும்.

இந்தக் கொப்பி எனக்குக் காட்டிய முதல் விஷயம், பழையது ஒரேயடியாகப் போய்ப் புதியது வரவில்லை என்பது. பெயர்ச்சி என்றவுடன் தமிழ்க் காதுக்குச் சனிப்பெயர்ச்சிதான் கேட்கும். சனி ஒரு வீட்டை விட்டுக் கிளம்பினால்தான் அடுத்த வீட்டுக்குப் போக முடியும். நோய் அப்படியில்லை. முன்வாசலால் சீனி வந்தபோது பின்வாசலால் வயித்தோட்டம் முழுசாகப் போய்விடவில்லை. இன்றைக்கும் டெங்குவும் எலிக்காய்ச்சலும் இருக்கின்றன. 2017இல் நாட்டில் 1,86,000 பேர் அளவில் டெங்குவுக்கு ஆளானார்கள். அதே நாட்டில்தான் இப்போது நூறு சாவில் எண்பதுக்கு மேல் தொற்றா நோய்களால் வருகிறது.

இன்னொரு பிணைப்பும் இருக்கிறது, அதுதான் என்னை அதிகம் உறுத்துவது. எடை குறைந்து பிறந்த பிள்ளைக்குப் பிற்காலத்தில் நீரிழிவும் இதய நோயும் வரும் வாய்ப்புக் கூடுதல் என்பதை டேவிட் பார்க்கர் என்ற ஆங்கில மருத்துவர் எடுத்துக்காட்டினார். தோட்டத்தில் எடை குறைந்த பிறப்புகள் இன்றும் அதிகம். 2016 கணக்கெடுப்பில் வயதுக்கேற்ற உயரம் இல்லாத சிறு பிள்ளைகள் நாடு முழுவதும் நூற்றுக்கு 17, தோட்டத்துறையில் 32 அளவில். அதாவது தாய் வயிற்றில் பட்ட பசிதான் ஐம்பது வயதில் சீனியாக வந்து நிற்கிறது. முதல் பக்கத்துச் சாவும் கடைசிப் பக்கத்துச் சாவும் ஒரே கொடியில் காய்த்தவை. இதைப் ‘பெயர்ச்சி’ என்று சொன்னால் அந்தக் கொடி அறுந்துபோகும்.

கொப்பி காட்டிய இரண்டாவது விஷயம், ‘நோய்’ என்ற சொல் போதாது என்பது. குளவி நோயா? மருந்து குடித்தது நோயா? 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்மேடு சரிந்து லயங்களை மூடியதே, அது நோயா? இந்தக் கோட்பாட்டை 1971இல் எழுதிய அப்தெல் ஒம்ரான் மூன்று காலங்கள் சொன்னார். கொள்ளைநோயும் பஞ்சமும் ஆளும் காலம், கொள்ளைநோய் பின்வாங்கும் காலம், உடல் தேயும் நோய்களும் மனிதர் தாமே உண்டாக்கியவையும் மிகும் காலம். அந்த மூன்றாவதில் ‘மனிதர் உண்டாக்கியவை’ என்பதற்குள் விபத்தும் நஞ்சும் வந்துவிடுகின்றன. 1995இல் இலங்கையில் தற்கொலை லட்சத்துக்கு 47 அளவுக்குப் போனது. கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்த பிறகே இறங்கியது. இவ்வளவு பெரிய ஏற்ற இறக்கத்தை வெளியே விட்டுவிட்டு நாட்டின் கதையைச் சொல்ல முடியாது.

ஒம்ரான் தன் கட்டுரையில் பிந்தி மாறிய நாடுகளுக்கு எடுத்துக்காட்டாகச் சிலியோடு நமது இலங்கையைத்தான் சொன்னார். 1934-35 மலேரியாவில் ஏறத்தாழ 80,000 பேர் இறந்த நாடு இது. 1946இல் ஆயிரத்துக்கு 20 ஆக இருந்த இறப்பு வீதம் அடுத்த ஆண்டே 14க்கு இறங்கியது. டி.டி.ரி. என்ற கொசுக்கொல்லி மருந்து தெளித்ததுதான் காரணம் என்று பலர் எழுதினார்கள். மலேரியா இல்லாத பகுதிகளிலும் அதே ஆண்டு இறப்புக் குறைந்ததே என்று வேறு பலர் மறுத்தார்கள். மலைநாட்டின் உயரமான தோட்டங்களில் மலேரியா பெரிய எதிரியாக இருந்ததில்லை. இங்கே ஆளைத் தின்றது குடலில் இரத்தம் உறிஞ்சும் கொக்கிப்புழுவும் இரத்தசோகையும். அமெரிக்க அறக்கட்டளையான ரொக்பெல்லர் நிறுவனம் 1916இல் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியதும் தோட்டங்களில்தான். ஆக, ஒரு நோயின் பெயரை வைத்து இந்த மாற்றத்தைச் சொல்ல முடியாது. மாறியது சாவின் காரணங்கள். எனவே சொல்லின் தலையில் இருக்கவேண்டியது ‘இறப்புக்காரணம்’ என்பது என் முடிவு.

இங்கே ஒன்று சொல்ல ஆசை. பழைய சாவுக்காரணங்கள் எங்கள் கிழவிகளின் சாபத்தில் இன்னும் இருக்கின்றன. “பேதியில போவ”, “கொள்ளையில போவ” என்று என் அம்மாயி திட்டுவதைக் கேட்டு வளர்ந்தவள் நான். தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து வந்து, மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டுவழியே நடந்த கூட்டங்களில் வாந்திபேதி கண்டு வழியிலேயே கிடந்தவர்கள் எத்தனையோ பேர். அந்தப் பயம்தான் திட்டாகத் தங்கியது. ‘சீனியில போவ’ என்று இன்றுவரை யாரும் யாரையும் சபித்ததில்லை. புதிய சாவு இன்னும் நமது வாய்க்கு வரவில்லை. அதனால்தான் இந்தச் சொல்லுக்காக இவ்வளவு மெனக்கெடுகிறேன். தொண்டர் ஒருவர் லயத்துக்குப் போய், “உப்பைக் குறைங்க, வெத்தலையோட புகையிலை போடாதீங்க” என்றால், “எங்க அப்பன் பாட்டன் போட்டதுதானே” என்று பதில் வருகிறது. அப்பன் பாட்டன் வாய்ப்புற்று வரும் வயசுக்கு முன்பே காய்ச்சலில் போனார்கள் என்பதை எடுத்துச் சொல்ல ஒரு கருத்து வேண்டும். கருத்துக்கு ஒரு பெயர் வேண்டும்.

சரி, இரண்டாம் பாதிக்கு வருகிறேன். மாற்றமா, நிலைமாற்றமா, நிலைமாறலா? உயர்தரப் புவியியலில் பிறப்பு, இறப்பு வீதங்கள் காலப்போக்கில் இறங்குவதைக் ‘குடித்தொகை நிலைமாறல்’ என்று படித்திருக்கிறோம். இது அதன் உடன்பிறப்பு, ஆகவே ஒரே வாலாக இருப்பது நல்லது. இன்னொரு காரணமும் உண்டு. ‘மாற்றம்’ என்பதில் யாரோ மாற்றியதுபோலவும் ஒரு சாயல் இருக்கிறது. மாறி முடிந்ததுபோலவும் தொனிக்கிறது. ‘மாறல்’ இன்னும் நடந்துகொண்டிருப்பது. போருக்குப் பிந்திய நீதியைக் குறிக்கும் ‘நிலைமாறுகால நீதி’ என்ற தொடர் சில ஆண்டுகளாகவே செய்தித்தாளில் அடிபடுவதால் ‘நிலைமாறு’ என்பது இலங்கை வாசகருக்கு அந்நியமும் இல்லை.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: “இலங்கையின் இறப்புக்காரண நிலைமாறல் தோட்டப்புறத்தில் பிந்தித்தான் நிகழ்ந்தது.” நாக்குத் தடுக்கவில்லை. உங்கள் கருத்தை எழுதுங்கள்.

மறுநாள், அதே தலைப்பில்:

டொக்டர், உங்கள் பதிலுக்கு நன்றி.

> இறப்பை மட்டும் பிடித்துக்கொண்டால், சாகாமல் இருபது வருடம் சீனியோடு வாழ்பவரை எங்கே வைப்பீர்கள்?

நல்ல கேள்வி, இரவு முழுக்க யோசித்தேன். நோயோடு நெடுநாள் வாழ்வதும் இந்த மாறுதலின் பகுதிதான். ஆனால் ஒம்ரானின் கட்டடம் எழும்பியது இறப்புக் கணக்கின்மேல். வாழ்க்கை முறை, மருத்துவ வசதி, பெண்கல்வி எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும் அகன்ற கருத்துக்கு 1980களின் பிற்பகுதியில் குடித்தொகை ஆய்வாளர் ஜோன் கால்ட்வெல் போன்றவர்கள் ‘ஹெல்த் ட்ரான்சிஷன்’ என்ற வேறு பெயரையே பழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். அதற்கு ‘நலநிலைமாறல்’ என்று வைத்துக்கொள்ளலாம். நீங்கள் சொல்பவர் அந்தச் சொல்லின் நிழலில் வருவார். இரண்டையும் ஒன்றாகக் குழைத்தால் இரண்டுமே மங்கிவிடும் என்று பயப்படுகிறேன்.

கோவை நண்பர் ‘சாக்காரணம்’ என்றால் இன்னும் சுருக்கமாச்சே என்கிறார். அழகாகத்தான் இருக்கிறது. அம்மாவும் ‘சாவு’ என்றுதான் சொல்வார். ஆனால் பிறப்பு இறப்புப் பதிவாளர், இறப்பு வீதம் என்று அலுவலகத்தில் ஓடுவதெல்லாம் ‘இறப்பு’. பதிவுத் தாளோடு கைநூல் ஒத்துப்போகவேண்டும். வீட்டில் நடந்த சாவுக்குக் காரணம் எழுதும்போது ‘காய்ச்சல்’, ‘முதுமை’ என்று பொதுவாக எழுதிவிடும் பழக்கம் இன்னும் போகவில்லை. ‘இறப்புக்காரணம்’ என்ற சொல் தொண்டர்களின் கையில் புழங்கினால், அந்தக் கட்டத்தை நிரப்பும்போது இரண்டு கேள்வி கூடுதலாகக் கேட்பார்கள். எனக்கு அந்த ஆசையும் இருக்கிறது.

‘தொற்றா நோய்’ கொச்சையோ என்று கேட்டவருக்கு: இல்லை. தொற்றாத என்பதன் ஈறு கெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்தான் அது. தாராளமாக எழுதலாம்.

அத்தியாயத்தின் தொடக்கத்தை இப்படி எழுதியிருக்கிறேன், பாருங்கள்:

“ஓர் ஊரில் சாவு வருகிற வழி காலத்துக்குக் காலம் மாறும். நமது பாட்டி காலத்தில் வயித்தோட்டம், காய்ச்சல், பேறுகாலம். நமது காலத்தில் பிரஷர், சீனி, மாரடைப்பு, புற்றுநோய். பழையது முழுதாகப் போகாமலே புதியது வந்து சேரும். இதற்கு இறப்புக்காரண நிலைமாறல் என்று பெயர்.”

வெள்ளிக்கிழமை இது அச்சுக்குப் போகிறது. மறுப்பு இருந்தால் அதற்குள் எழுதிவிடுங்கள். பதுளை அக்கா, ‘வயித்தோட்டம்’ என்றே விடவா, ‘வயிற்றோட்டம்’ என்று திருத்தவா? கொப்பியில் அம்மா எழுதியபடியே விட எனக்கு ஆசை, ஆனால் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் வாசிப்பார்கள் என்பதால் உங்களிடம் கேட்கிறேன்.