தொடர் பந்தயப் புள்ளிக் கணக்கு: 10ஆ, 15ஆ? பாய்மரப் படகு விதி தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம், காட்பாடியில் இருந்து எழுதுகிறேன். என் மகள் சென்னையில் ஆப்டிமிஸ்ட் என்ற சிறுவர் பாய்மரப் படகு ஓட்டுகிறாள். ஒலிம்பிக் பாய்மரப் படகு வீரர் விஷ்ணு சரவணன் பிறந்த வேலூரிலேயே இந்த விதிகளைக் கேட்டுக்கொள்ள எனக்கு ஆள் கிடைக்கவில்லை.

ஜூன் முதல் செப்டம்பர் வரை ஒரே தொடர். 14 படகுகள், 6 பந்தயம், மோசமான ஒன்றைக் கழிக்கலாம். குறைந்த புள்ளிக்கே வெற்றி. அவள் எடுத்தது 1, 3, 2, 4, அப்புறம் ஒரு ஓசிஎஸ் (தொடக்கச் சைகைக்கு முன்பே கோட்டைத் தாண்டியது), ஒரு டிஎன்சி (தொடக்க இடத்துக்கே வராதது). டிஎன்சி அன்று பள்ளித் தேர்வு, போகவே இல்லை. அதற்கு 15, அதைக் கழித்தாகிவிட்டது.

சிக்கல் ஓசிஎஸ்ஸில்தான். அன்று காற்று பலமாக இருந்ததால் தொடக்க இடத்துக்கு வந்தவை 9 படகுகளே. பாய்மரப் பந்தய விதி ஏ5.3 படி, அன்று வந்த படகுகளோடு ஒன்று கூட்டி 9+1, அதாவது 10. பலகையில் ஒட்டிய தாளில் 14+1 என்று 15 போட்டிருக்கிறார்கள். 10 என்றால் மொத்தம் 20, மூன்றாமிடம். 15 என்றால் 25, நான்காமிடம். 21 எடுத்த பையன் மேலே போய்விடுவான்.

எக்ஸெலில் போட்டுப் பார்த்தேன், கூட்டல் சரி. அதிகாரியிடம் கேட்டேன், "மென்பொருள் கொடுத்தது" என்றார். பயிற்சியாளருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. ஏ5.3 பொருந்தும் என்று போட்டி அறிவிப்பிலோ பந்தயக் குறிப்பிலோ சொல்லியிருக்க வேண்டும் என்கிறது விதிப் புத்தகம். குறிப்பில் இருப்பது "நீண்ட தொடர் முறையில் புள்ளி" என்ற ஒரே வரி, விதி எண் இல்லை.

இந்த வாரத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். அந்த ஒரு வரி ஏ5.3ஐப் பொருத்தப் போதுமா?