சீபேப் மெஷினோடு ஸ்லீப்பரில் காசிக்குப் போக முடியுமா?

வணக்கம். அம்மாவுக்கு 66 வயது. தூக்கத்தில் மூச்சு நிற்கும், அதனால் தினமும் சீபேப் (மூச்சுப்பாதை மூடாதபடி மாஸ்க் வழியாகக் காற்றைத் தள்ளும் மெஷின்) போட்டுத்தான் படுப்பார். திருச்சியிலிருந்து பனாரஸ் ரயிலில் இரண்டு இரவு. ஏசிக்குப் பணம் இல்லை. சார்ஜிங் பாயின்ட்டை நம்பலாமா? அவருக்கு இது ரொம்ப நாள் ஆசை.

பதில் 1: நம்பாதீர்கள். தீ விபத்து பயத்தால் இரவு 11 முதல் காலை 5 வரை அதில் மின்சாரத்தை நிறுத்துவதுண்டு. பேட்டரி அவசியம். நான் அப்பாவோடு போனபோது, தண்ணீரைச் சூடாக்கிக் காற்றை ஈரமாக்கும் ஹியூமிடிஃபயரை அணைத்துவிட்டோம். மின்சாரத்தை அதிகம் தின்பது அந்தச் சூடுதான். பேட்டரி விடியும்வரை தாங்கியது. பகலில் மறுபடி சார்ஜ் போட்டோம். தண்ணீர் டப்பாவைக் காலி செய்தே எடுத்துப் போங்கள், இல்லையென்றால் மெஷினுக்குள் இறங்கிவிடும்.

பதில் 2: பேட்டரி வாங்குமுன் வோல்ட் பாருங்கள். ரெஸ்மெட் ஏர்சென்ஸ் 10 என்ற சீபேப் மாடலுக்கு 24 வோல்ட் வேண்டும். வாங்கியதும் வீட்டில் ஒரு இரவு ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

கேட்டவர்: நன்றி அண்ணா. எங்களுடையதும் அதே மெஷின்தான்! கீழ் பெர்த் கிடைத்துவிட்டது. அப்புறம், சத்திரத்தில் கட்டிலுக்கும் பிளக்குக்கும் தூரமாக இருந்தால்?

பதில் 1: நீள எக்ஸ்டென்ஷன் ஒயர் ஒன்று பையில் போடுங்கள்.