காந்தப்புலத்தை அளக்க எந்த ப்ரோப், எந்தத் தடிமனில் கம்பி?

கேள்வி

வணக்கம். இரண்டு காந்தப்புலங்களை அளக்க வேண்டியுள்ளது. முதலாவது, நேர்மின்னோட்டத்தில் இயங்கும், இரும்பு உள்ளகம் கொண்ட மின்காந்தத்தின் 5 மில்லிமீட்டர் இடைவெளியில் உள்ள புலம், அது 0.3 டெஸ்லா அளவில் இருக்கும் என்பது என் கணக்கு. இரண்டாவது, 50 ஹெர்ட்ஸ் மின்மாற்றியைச் சுற்றிக் கசியும், சில மைக்ரோடெஸ்லா முதல் சில பத்து மைக்ரோடெஸ்லா வரையிலான புலம். என்னிடம் 5 வோல்ட்டில் இயங்கும் எஸ்எஸ்49இ ஹால் சென்சார் (காந்தப்புலத்துக்கேற்ப மின்னழுத்தம் தரும் சிறு உணரி) உள்ளது. இரண்டுக்கும் அதுவே போதுமா, அல்லது இரண்டாவதற்குத் தேடுசுருள் (மாறும் காந்தப்புலம் மின்னழுத்தத்தைத் தூண்டும் கம்பிச்சுருள்) சுற்றிக்கொள்ள வேண்டுமா? சுருள்தான் என்றால், மெல்லிய கம்பியில் அதிகச் சுற்றுகள் கொள்ளும் என்பதால் 0.2 மி.மீ. கம்பியைவிட 0.1 மி.மீ. கம்பியே மேல் என்று கருதலாமா?

மறுமொழி 1

அந்தச் சென்சார் இரண்டுக்குமே பொருந்தாது. அதன் அளவீட்டு எல்லை ஏறத்தாழ 100 மில்லிடெஸ்லா என்பதால், 0.3 டெஸ்லாவில் அதன் வெளியீடு உச்சத்தை எட்டி அங்கேயே நின்றுவிடும். மறுபுறம், ஒரு காஸுக்கு (100 மைக்ரோடெஸ்லா) ஏறத்தாழ 1.4 மில்லிவோல்ட் தரும் அது, 10 மைக்ரோடெஸ்லாவுக்கு 0.14 மில்லிவோல்ட்தான் தரும், புலமே இல்லாதபோதுள்ள 2.5 வோல்ட் அடிநிலையின் மேல் அவ்வளவு சிறிய மாற்றத்தை இரைச்சலிலிருந்து பிரித்தெடுப்பது கடினம்.

இடைவெளிக்கு, மெல்லிய தட்டை வடிவக் குறுக்கு ஹால் ப்ரோப்பை (தன் தட்டை முகத்துக்குச் செங்குத்தான புலத்தை உணரும் அளவுமுனை) தேர்ந்தெடுங்கள். அச்சு ப்ரோப் தன் தண்டின் திசையிலுள்ள புலத்தையே உணரும், 5 மி.மீ. இடைவெளிக்குள் அதை அந்தத் திசையில் நிறுத்தவே முடியாது. உணரும் பகுதி எந்தப் பொருளால் ஆனது என்பதையும் கவனியுங்கள்: இண்டியம் ஆன்டிமனைடு அதிக உணர்திறன் கொண்டது, ஆனால் வெப்பநிலைக்கேற்ப வெகுவாக மாறும், உங்கள் புலம் வலுவானது என்பதால் நிலையான காலியம் ஆர்சனைடே ஏற்றது. ப்ரோப் 10 பாகை சாய்ந்தாலே அளவு 1.5 சதவீதம் குறையும். ஒரே இடத்தில் ப்ரோப்பை 180 பாகை திருப்பி இரண்டாவது அளவும் எடுத்து, இரண்டின் வேறுபாட்டில் பாதியைக் கொண்டால் சுழிப்பிழை (புலமே இல்லாதபோதும் காட்டும் அளவு) நீங்கிவிடும்.

மறுமொழி 2

மின்மாற்றிக்குத் தேடுசுருளே சரி. சராசரி ஆரம் 1 சென்டிமீட்டர் உள்ள 500 சுற்றுச் சுருளில், 50 ஹெர்ட்ஸில் மாறும் 10 மைக்ரோடெஸ்லா உச்சப் புலம் ஏறத்தாழ 0.5 மில்லிவோல்ட் உச்ச மின்னழுத்தத்தைத் தூண்டும். சாதாரணப் பெருக்கிக்கே இது தாராளம்.

கம்பியைப் பொறுத்தவரை, மெல்லியதே மேல் என்ற கருத்து பாதிதான் உண்மை. சுற்றுவதற்கான இடம் மாறாமல் கம்பியின் விட்டத்தைப் பாதியாக்கினால், சுற்றுகள் 4 மடங்காகும். மின்தடையோ 16 மடங்காகும். குறிகை 4 மடங்கு உயர்வது போலவே, மின்தடையின் இருமடிமூலத்தைப் பொறுத்த வெப்ப இரைச்சலும் 4 மடங்கு உயர்கிறது. ஆகவே சுருளின் தரத்தைத் தீர்மானிப்பது அதன் பரப்பும் அதிலுள்ள தாமிரத்தின் அளவுமே தவிர, கம்பியின் தடிமன் அன்று. பெருக்கியின் இரைச்சல் சுருளின் இரைச்சலை மிஞ்சும்போது மட்டுமே கூடுதல் சுற்றுகளால் பயனுண்டு. உங்கள் குறிகை போதிய அளவில் இருப்பதால் 0.2 மி.மீ. எனாமல் கம்பியையே எடுத்துக்கொள்ளுங்கள்: அது எளிதில் அறுந்துபோகாது, எனாமல் பூச்சு அடைக்கும் இடமும் விகிதத்தில் குறைவு, மின்தடையும் 17 ஓம் அளவிலேயே நிற்கும்.

சுருளின் இரு முனைகளையும் பெருக்கி வரை முறுக்கியே கொண்டுசெல்லுங்கள். மின்புலத்தைத் தடுக்கத் தாமிரத் தாள் சுற்றினால், அதன் இரு விளிம்புகளும் ஒன்றையொன்று தொடாதபடி ஒரு சிறு பிளவு விடுங்கள். தொட்டால் அந்தத் தாளே குறுக்கிணைந்த ஒரு சுற்றாகி, அளக்க வேண்டிய புலத்தையே எதிர்க்கத் தொடங்கும்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. தேடுசுருளை அளவுதிருத்தம் செய்ய ஹெல்ம்ஹோல்ட்ஸ் சுருள் இணை (நடுவில் சீரான புலம் தர, ஆரத்தின் அளவே இடைவெளி விட்டு வைத்த ஒரே மாதிரியான இரு சுருள்கள்) ஒன்றும் செய்ய எண்ணுகிறேன். அதற்குத் தடித்த கம்பி வேண்டுமா?

மறுமொழி 3

அங்கும் அதே கதைதான். ஆரம் 10 சென்டிமீட்டர், சுருளுக்கு 100 சுற்றுகள் என்றால், 1 ஆம்பியரில் மையத்தில் 0.9 மில்லிடெஸ்லா கிடைக்கும். 0.8 மி.மீ. கம்பியில் தொடராக இணைத்த இரு சுருள்களின் மின்தடை 4.2 ஓம்; திறன் 4.2 வாட். அதே இடத்தில் 0.4 மி.மீ. கம்பியை 400 சுற்றுகள் சுற்றி 0.25 ஆம்பியர் செலுத்தினாலும் அதே புலமும் அதே 4.2 வாட்டுமே கிடைக்கும். மின்னழுத்தம் மட்டும் 4.2 வோல்ட்டிலிருந்து 17 வோல்ட்டுக்கு உயரும். ஆகவே உங்களிடமுள்ள மின்வழங்கிக்கு எது பொருந்துகிறதோ அதையே தேர்ந்தெடுங்கள். அளவுதிருத்தத்துக்கு 100 சுற்றுச் சுருளில் 10 மில்லிஆம்பியர் உச்ச மின்னோட்டமே 9 மைக்ரோடெஸ்லா தந்துவிடும் என்பதால் சூடு ஒரு பொருட்டே அல்ல.

இரு சுருள்களுக்கும் தொடராக ஒரு மின்தடையை இணைத்து, அதன் குறுக்கேயுள்ள மின்னழுத்தத்திலிருந்து மின்னோட்டத்தைக் கணக்கிடுங்கள். இரும்புக் கால் கொண்ட மேசையும் எஃகுத் திருகுகளும் அருகில் இருக்கக் கூடாது. மற்றொன்று: தேடுசுருளின் வெளியீடு அதிர்வெண்ணுக்கு நேர்விகிதத்தில் உயர்வதால், மின்மாற்றியின் 150 ஹெர்ட்ஸ் கூறு மும்மடங்கு பெரிதாகத் தெரியும். ஆசிலாஸ்கோப்பில் அலை சைன் வடிவிலிருந்து விலகியிருந்தால், தொகையிடும் மின்சுற்று (இன்டக்ரேட்டர்) ஒன்றின் வழியாக அனுப்பிய பிறகே உச்ச மதிப்பைப் படியுங்கள்.